பென்சிலைக் கீழே வைக்கும் சத்தம்

பிப்ரவரி மாதம், இயற்பியல் துறைக் கட்டிடத்தின் பனி உறைந்த வாசற்படியில் லோர்னா ஹெய்க்கினென் வழுக்கி விழுந்தபோது, நான் அவருக்குப் பின்னால் ஒரு பழைய கார் பேட்டரியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். மல்லாந்து கிடந்தார். கம்பளித் தொப்பி ஒரு பக்கம், மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம். வலது கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. ஓடிப்போய்க் குனிந்தேன்.

"பாத்தியா ப்ரின்?" என்றார், வானத்தைப் பார்த்தபடியே. "நம்ம புத்தகத்துல பாதிக் கணக்குக்கு 'உராய்வைக் கணக்கில் கொள்ள வேண்டாம்'னு போட்டிருக்கான். அந்தப் பாவியக் கூட்டிட்டு வந்து இந்தப் படியில நடக்க விடணும்."

"கைய அசைக்க முடியுதா?"

"முடியல. ஒடஞ்சிருக்கு. நீ மொதல்ல பேட்டரிய உள்ள கொண்டு போ, குளிர்ல செத்துடும். நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

மணிக்கட்டில் இரண்டு எலும்புகள். முழங்கையிலிருந்து விரல் மூட்டுகள் வரை, கட்டைவிரலையும் சேர்த்து, மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். எட்டு வாரம் வீட்டில் இருக்கலாமே என்று மருத்துவர் சொல்லிப் பார்த்தார். லோர்னா அடுத்த திங்கட்கிழமை வகுப்புக்கு வந்துவிட்டார். மாவுக்கட்டில் மாணவர்கள் கையெழுத்துப் போடத் தொடங்கியபோது, பெயரோடு ஒரு சமன்பாடும் எழுத வேண்டும், தப்பான சமன்பாடு எழுதினால் அழிக்கமாட்டேன், எட்டு வாரமும் ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிவேன் என்றார்.

அவருடைய வகுப்பு நடக்கும் இடத்துக்குக் கிணறு என்று பெயர். பல்கலைக்கழகத்திலேயே பெரிய அரங்கம் அது. சுற்றிலும் இருக்கைகள் செங்குத்தாக இறங்கி வர, அடியில் ஒரு நீள மேசையும் கரும்பலகையும். முதலாண்டில் யார் எந்தப் படிப்புக்குப் போவதானாலும் இந்தக் கிணற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும். நானும் பல வருடங்களுக்கு முன் அதில் உட்கார்ந்தவள்தான். பிறகு மீன்பிடிக் கப்பலில் சமையல், மலைவிடுதியில் துப்புரவு, பேர் தெரியாத ஊர்களில் பேருந்துக்குக் காத்திருப்பு என்று சுற்றிவிட்டு, ஒரே ஒரு குளிர்காலம் இருந்துவிட்டுப் போகலாம் என்று திரும்பினேன். வகுப்பில் செய்துகாட்டும் சோதனைகளுக்கான பொருட்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை காலியாக இருந்தது. அப்படித்தான் அந்தப் பேட்டரி என் பொறுப்புக்கு வந்தது.

லோர்னா இந்த ஊர்க்காரர். அப்பா சாலையில் பனி அள்ளும் வண்டி ஓட்டியவர். அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மகள் சிகாகோவுக்குப் போய், கடுங்குளிரில் உலோகங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினாள். "குளிரப் பத்திப் படிக்க எதுக்குச் சிகாகோ? என் வண்டியில ஒரு வாரம் உக்காந்தாப் போதுமே," என்று அப்பா கேட்டாராம். மேற்கே ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் வேலை தயாராக இருந்தது. சேருவதற்கு முன் ஒரு கோடைக்காலம் மட்டும் மிச்சம். அதைக் கழிக்க இந்தப் பல்கலைக்கழகத்தில், நர்ஸ் படிப்புக்கு வந்த பெண்களுக்கு இயற்பியல் நடத்த ஒத்துக்கொண்டார்.

அந்தக் கோடையைப் பற்றி அவர் சொல்லிச் சலித்ததே இல்லை. மூன்றாவது வாரம், கடைசி வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கியிருக்கிறாள். "புரொஃபசர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்க முதுகு எனக்கு நல்லாத் தெரியும். வழியில பாத்தா முதுக வச்சுக் கண்டுபிடிச்சிடுவேன். மூஞ்சிய அடையாளம் சொல்லச் சொன்னா முடியாது."

வகுப்பு சிரித்திருக்கிறது. லோர்னா சுண்ணாம்புக்கட்டியோடு அப்படியே நின்றாராம்.

"அவமானமா இருந்துச்சா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"அவமானமா? மூணு வாரமா நான் பலகைக்குப் பாடம் நடத்தியிருக்கேன், ப்ரின். பலகைக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும்! திரும்பிப் பாத்தேன். முப்பது மூஞ்சி. ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு விதமாப் புரியல. ஒரே விஷயம் முப்பது விதமாப் புரியாமப் போகும்னு சிகாகோவுல எனக்கு யாரும் சொல்லித் தரல. நான் அதுவரைக்கும் பாத்த எந்த உலோகத்தையும் விட அது சுவாரசியமா இருந்துச்சு."

கோடை முடிவில் ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். சிகாகோப் பேராசிரியர் கூப்பிட்டு, "உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தியிருக்கிறார். "ஆமா சார், நல்லா முத்திடுச்சு," என்று இவர் பதில் சொன்னார். ஆராய்ச்சியையும் விடவில்லை. கட்டிடத்தின் அடித்தளத்தில் அவருடைய குளிர்க்கருவிகள் இன்னும் உறுமிக்கொண்டிருக்கின்றன. ஆனால் கிணற்றை மட்டும் முப்பது வருடங்களுக்கு மேலாக யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. துறைத்தலைவர் பதவி இரண்டு முறை வந்தது. தலைவருக்குக் கிணற்றில் இறங்க நேரம் இருக்காது என்று இரண்டு முறையும் மறுத்தார்.

அந்தக் கிணற்றைத்தான் மூடப் பார்த்தார்கள்.

டீன் செலெஸ்ட் பார்ட்லெட் கெட்டவர் அல்ல. மாணவர்களில் பாதிப் பேர் கடைகளிலும் மரவாடிகளிலும் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்குப் பனியில் வண்டி ஓட்டி வர எல்லோராலும் முடியாது. டெரெக் யூன் என்ற இளம் பேராசிரியர் முந்தைய வருடம் பாடம் முழுவதையும் வீடியோவாக எடுத்திருந்தான். மிக அழகாக எடுத்திருந்தான். ஒரு பெரிய கண்ணாடிப் பலகைக்குப் பின்னால் நின்று, நம்மைப் பார்த்தபடியே ஒளிரும் மையில் எழுதுவான். பின்னாலிருந்து எழுதுவது நமக்கு இடம் வலமாகத் தெரியும் அல்லவா? அதனால் கணினியில் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிடுவான். எழுத்து நேராகிவிடும். ஒரு பிரிவு மாணவர்கள் ஏற்கெனவே அதை வைத்துத்தான் படித்தார்கள், எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். வரும் இலையுதிர் காலத்திலிருந்து எல்லோருக்கும் அந்த வீடியோவே போதும், அரங்கத்தை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது டீனின் யோசனை.

லோர்னா வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்த்தார். பிறகு டெரெக்கைத் தேடிப்போய், "நல்லா இருக்குடா தம்பி. நான் சின்ன வயசுல இவ்வளவு நல்லா நடத்தல," என்றார். போகிறபோது திரும்பி, "ஆமா, நீ எப்பலேருந்து இடதுகைக்காரன் ஆனே? படத்துல எல்லாம் இடது கையால எழுதுற!" என்று கேலி செய்தார். டெரெக் சிரித்தான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

டீனிடம் போய் லோர்னா அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. "அளந்து பாத்துடுவோம்," என்றார். "நான் இயற்பியல்காரி. கிணத்துல படிக்கிறவங்களுக்கும் வீடியோவுல படிக்கிறவங்களுக்கும் மார்ச் மாசம் ஒரே தேர்வு வைப்போம். மின்சாரக் கேள்விகள் டெரெக் எழுதட்டும், காந்தவியல் நான் எழுதறேன். என் பசங்க தெளிவா மேல வரலேன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிடறேன்."

"உண்மையாவா சொல்றீங்க?" என்றார் டீன்.

"எழுதிக்கோங்க."

அவருடைய கணவர் ரெய்னோ படகு பழுதுபார்ப்பவர். இதைக் கேட்டு, ஏலக்காய் ரொட்டியை வெட்டியபடியே என்னிடம் சொன்னார்: "இவ என்னைக் கல்யாணம் பண்ணும்போதுகூட இவ்வளவு தைரியமாப் பேசல."

இதெல்லாம் நடந்த பிறகுதான் லோர்னா விழுந்தார். சரியாகக் காந்தவியல் தொடங்கும் வாரத்தில்.

காந்தவியலுக்கு வலது கை வேண்டும். மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் வளையமாகச் சுழலும். எந்தப் பக்கமாகச் சுழலும் என்று தெரிந்துகொள்ள, வலக்கைக் கட்டைவிரலை மின்சாரம் போகும் திசையில் நீட்ட வேண்டும். மடங்குகிற மற்ற விரல்கள் புலத்தின் திசையைக் காட்டிவிடும். இடது கையால் செய்தால் விடை நேர் எதிராக வரும். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தேர்வில் தப்பு நடக்கும். வலது கையில் பென்சில் இருக்கும். அதைக் கீழே வைக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு, சும்மா கிடக்கும் இடது கையைத் தூக்கிக் கட்டைவிரலை நீட்டுவார்கள். கெட்டிக்காரர்கள்தான் அதிகம் செய்வார்கள், ஏனென்றால் அவர்கள்தான் பென்சிலை வைக்காமல் எழுதிக்கொண்டே இருப்பவர்கள்.

அதனால் லோர்னாவின் வகுப்பில் ஒரு கட்டளை உண்டு. காந்தக் கணக்கு வந்தால் முதலில் பென்சிலைக் கீழே வைக்க வேண்டும். சத்தம் கேட்கும்படி வைக்க வேண்டும். "எனக்குக் கேக்கணும்!" என்று கத்துவார். இருநூறு பென்சில்கள் மரப்பலகையில் விழும். பிறகு இருநூறு வலது கைகள் மேலே எழும். வாசல் வழியே போகிறவர்கள் எட்டிப் பார்த்தால் எல்லோரும் காரில் இலவசமாக ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கட்டைவிரலை நீட்டுவதுபோல் இருக்கும்.

இந்த வருடம் அவருக்கே வலது கை இல்லை. மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டி, "இது இப்ப வெறும் கட்டை. எனக்கு ஒரு கை கடன் வேணும். யார் தர்றீங்க?" என்றார்.

முதலில் இறங்கி வந்தவன் கிரேடி. ஹாக்கி விளையாடுகிறவன். மண்வெட்டி மாதிரி கை.

"ஏப்பா, இது கையா, பனி அள்ளுற தட்டா?"

"ரெண்டுக்கும் வச்சுக்கலாம் புரொஃபசர்."

"நல்லது. பின்வரிசைக்கும் தெரியும். கட்டைவிரல எங்க நீட்டுவே? எனக்குத் தெரியாது, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். அவங்களைக் கேளு."

மேலேயிருந்து ஆளுக்கொன்று கத்தினார்கள். மேலே, கீழே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கிரேடி கையைத் திருப்பித் திருப்பி வைத்தான். லோர்னா ஓரமாக நின்று ஒரு வார்த்தை பேசவில்லை. தேர்வு வரைக்குமான ஆறு வாரமும் இப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு நாளும் புதிய கை. வெட்கப்படும் டெலானியின் நகப்பூச்சுப் பூசிய கைகூட வந்தது. தப்பாகத் திருப்பினால் கத்துவதற்கு இருநூறு பேர் இருந்தார்கள். கை உடைந்ததில் அவருடைய பாடம் இன்னும் மெருகேறிவிட்டது என்றே எனக்குத் தோன்றியது.

தேர்வு நாளில் கிணற்றை மேற்பார்வை பார்த்தது நான். மின்சாரக் கேள்விகள் அமைதியாகப் போயின. பிறகு எங்கோ ஒரு பென்சில் டக்கென்று விழுந்தது. அடுத்து இரண்டு. பிறகு அரங்கம் முழுவதும் ஆலங்கட்டி மழை. யாரும் சொல்லவில்லை, லோர்னா அறையிலேயே இல்லை. கைகள் எழுந்தன, திரும்பின, இறங்கின.

மறுநாள் மதியம் முடிவு வந்தது. தாள்களை இயந்திரம் திருத்தியிருந்தது. மின்சாரத்தில் கிணறு கொஞ்சம் முன்னே. காந்தவியலில், திசை கேட்ட ஐந்து கேள்விகளிலும், கிணறு அதலபாதாளத்தில் கிடந்தது. மொத்தத்தில் வீடியோ வகுப்பு எங்களைத் தாண்டிப் போயிருந்தது.

நான் அவருடைய அறைக்கு ஓடினேன். லோர்னா கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த சோகம் இல்லை. தலையைச் சாய்த்து, வண்டி இயந்திரத்தில் ஏதோ புதுச் சத்தம் கேட்டவர்போல் இருந்தார்.

"வேடிக்கையா இருக்கு," என்றார். "தெரியாதவன் விடை நாலா பக்கமும் சிதறும். இங்க பாரு, என் பசங்க அஞ்சுலயும் ஒரே மாதிரி தப்புப் பண்ணியிருக்காங்க. எல்லாரும் நேர் எதிர்த்திசை. டெரெக்கோட பசங்க பாதிக்குப் பாதி. இவ்வளவு ஒழுங்காத் தப்புப் பண்ண என்னைத் தவிர யார் சொல்லிக் குடுத்திருக்க முடியும்?"

அப்போது கதவு தட்டப்பட்டது. கிரேடி நின்றான். வலது கையை நீட்டி, கட்டைவிரலைக் கூரைக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் டெலானி, அவளும் அப்படியே. எட்டிப் பார்த்தேன். நடைவழி முழுக்க, படிக்கட்டு வரைக்கும், வலது கட்டைவிரல்கள்.

"புரொஃபசர், தப்பா நினைக்காதீங்க," என்றான் கிரேடி. "விடைகளை வெளியிட்டிருக்கீங்க இல்ல? அது தப்பு."

"தேர்வுல தோத்தா எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"இல்ல புரொஃபசர். நாங்க சாப்பாட்டுக்கூடத்துல உக்காந்து திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தோம். தட்டுல இருந்த கறி வச்ச பேஸ்டிகூட ஆறிப்போச்சு. கம்பி செங்குத்தா நிக்குது, மின்சாரம் மேல போகுது. காந்த ஊசி கம்பிக்கு அந்தாண்ட பக்கம். ஊசி இடது பக்கம்தான் திரும்பும். நீங்க வலதுன்னு போட்டிருக்கீங்க."

லோர்னா எழுந்தார். "கையக் குடு," என்றார். கிரேடியின் மண்வெட்டிக் கையைத் தன் இடது கையால் பிடித்து, ஒரு பேனாவை நிற்க வைத்து அதைச் சுற்றி மூடினார். கட்டைவிரல் மேலே. விரல்கள் பேனாவின் அப்புறத்தில் வலமிருந்து இடமாக வளைந்தன. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மாவுக்கட்டு மேசையில் மோதும் அளவுக்குச் சிரித்தார்.

"போங்க, எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க. வெள்ளிக்கிழமை வகுப்புல பேசறேன். டெலானி, நகப்பூச்சு நல்லா இருக்கு."

அவர்கள் போன பிறகு நடந்ததைச் சொன்னார். விடைகளை வீட்டில் உட்கார்ந்து போட்டிருக்கிறார். ரெய்னோ உறைந்த ஏரியில் மீன்பிடிக்கப் போயிருந்தார். கடன் வாங்கக் கை இல்லை. தன் இடது கையாலேயே திசை பார்த்து, இடது கை எதிராகத்தான் காட்டும் என்பதால் ஒவ்வொரு விடையையும் மாற்றி எழுதியிருக்கிறார். அதுவரை சரி. மறுநாள் காலை பார்த்தபோது, 'அட, இதெல்லாம் இடது கையில போட்டதாச்சே, மாத்தணுமே' என்று நினைத்து, ஐந்தையும் மறுபடி மாற்றிவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலை டீனைப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் விதியைத் தப்பாகப் போட்ட பேராசிரியர் என்று தெரிந்தால், ஓய்வு எடுத்துக்கொள்ளச் சொல்ல அதைவிட நல்ல காரணம் கிடைக்குமா?

"அந்த அஞ்சு கேள்வியவும் எடுத்துடச் சொன்னா என்ன?" என்றேன். "அச்சுப்பிழைன்னு சொல்லிடலாம். மீதியில நாம முன்னாடிதானே இருக்கோம்?"

லோர்னா என்னைப் பார்த்தார். "அச்சு ஒரு பிழையும் பண்ணல ப்ரின். பண்ணினது நான். அந்த அஞ்சு கேள்வியிலதான் என் பசங்க என்னையே ஜெயிச்சிருக்காங்க. அதைப் போய்த் தூக்கிப் போடச் சொல்றியே! நாளைக்குப் பேட்டரியக் கொண்டு வா. தடிக் கம்பி, காந்த ஊசி, எல்லாம்."

டீனின் அறை மாடியில். அகலமான சன்னலுக்கு வெளியே உறைந்த ஏரி. எங்கள் ஊரில் வடக்கைத் தேட வேண்டியதே இல்லை, ஏரி இருக்கும் பக்கம் வடக்கு. டெரெக்கும் வந்திருந்தான். ஜெயித்தவன் முகம் அல்ல அது. சங்கடத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

லோர்னா சுற்றி வளைக்கவில்லை. "காந்தவியல் விடைகள் அஞ்சும் தப்பு. போட்டது நான்," என்று ஆரம்பித்து, இரண்டு முறை மாற்றிய கதையை முழுக்கச் சொன்னார்.

டீன் விரல்களைக் கோத்துக்கொண்டார். "லோர்னா, நான் உங்களை நம்பறேன். ஆனா வெளியில எப்படிச் சொல்வேன்? விடை போட்டது நீங்க. முடிவு உங்களுக்குப் பாதகமா வந்தப்புறம் விடை தப்புன்னு சொல்றதும் நீங்க."

"என்னைக் கேக்காதீங்க," என்றார் லோர்னா. "அதைக் கேளுங்க."

நான் காந்த ஊசியை மேசையில் வைத்தேன்.

"இது என் மேசை. எரிஞ்சிடாதே?"

"எரியாது. கொஞ்சம் வாசனை வரும்."

ஏரியைப் பார்த்தபடி நின்றுகொண்டோம். கம்பியை ஓர் அட்டையின் நடுவே செங்குத்தாக நிறுத்தினேன். ஊசியைக் கம்பிக்கு அப்பால், ஏரிப் பக்கமாக வைத்தேன். ஊசி ஏரியைக் காட்டி நின்றது. பேட்டரியின் பாசிட்டிவ் முனை கம்பியின் கீழ்ப்பக்கத்தோடு சேர்ந்திருக்கிறதா என்று டெரெக் குனிந்து பார்த்துத் தலையசைத்தான். மின்சாரம் கீழிருந்து மேலே போகும்.

"செலெஸ்ட், நீங்களே அழுத்துங்க. ரெண்டு செகண்டுக்கு மேல வேண்டாம்."

டீன் பொத்தானை அழுத்தினார். ஊசி ஏரியை விட்டுவிட்டு, யாரோ கூப்பிட்டதுபோல் இடது பக்கம் திரும்பியது.

"இடது," என்றார் டீன். இன்னொரு தடவை அழுத்தினார். "இடது."

"என் விடைத்தாள் வலதுன்னு சொல்லுது. கிணத்துல இருக்கறவங்க இடதுன்னு சொல்றாங்க."

அறையில் சூடான கம்பியின் வாசனை. டெரெக் மட்டும் ஊசியைப் பார்க்கவில்லை. தன் வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இடது கையை. மெதுவாகச் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தான்.

"லோர்னா, நான் இடதுகைக்காரன் ஆயிட்டேன்னு கேலி பண்ணீங்களே…"

"ஐயோ," என்றார் லோர்னா. அவருக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது.

டெரெக் தன் வீடியோவை ஓடவிட்டு டீனின் முன் வைத்தான். கண்ணாடிப் பலகைக்குப் பின்னால் அழகாக நின்றபடி திரையிலிருந்த டெரெக் சொன்னான்: "இப்ப எல்லாரும் வலது கையத் தூக்குங்க, இதோ இந்த மாதிரி." தூக்கிய கை இடது கை. எழுத்தை நேராக்க அவன் படத்தைத் திருப்பியபோது அவனும் சேர்ந்து திரும்பியிருந்தான்.

"காதால கேட்டவங்க சரியாப் போட்டாங்க, கண்ணால பாத்துப் போட்டவங்க தப்பாப் போட்டாங்க," என்றான் டெரெக். "அதான் பாதிக்குப் பாதி. போன வருஷம் பூரா இது ஓடியிருக்கு."

"யாராவது எழுதிக் கேட்டாங்களா?" என்றார் டீன்.

"ஒருத்தர்கூட இல்ல."

அவன் தலை குனிந்தது. லோர்னா தன் இடது கையால் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். "எதுக்குடா மூஞ்சியத் தொங்கப் போடற? உன் தப்பும் என் தப்பும் ஒரே தப்பு. ரெண்டு பேரும் கண்ணாடிக்குள்ள போயிட்டோம். நான் வெளிய வந்தேன்னா, அது நான் கெட்டிக்காரின்னு இல்ல. என் கதவுக்கு வெளிய படிக்கட்டு வரைக்கும் ஆள் நின்னாங்க. உனக்கு அப்படி நிக்க யாரும் இல்ல, அவ்வளவுதான்." பிறகு டீனைப் பார்த்தார். "வேலைக்குப் போற பசங்களுக்கு வீடியோ வேணும். அதை நான் மறுக்கல. ஆனா நான் தப்புப் பண்ணினா எனக்கு அன்னிக்கே தெரியணும். அதுக்குத்தான் கிணறு."

இயந்திரம் போட்ட மதிப்பெண்களைச் சரியான விடைகளோடு மறுபடி ஓட்டச் சொல்லி டீன் அங்கிருந்தே தொலைபேசியில் பேசினார். எண்கள் வந்தபோது கிணறு எங்கே நின்றது என்று விளக்கத் தேவையே இருக்கவில்லை.

"அரங்கம் உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றார். "டெரெக், அந்த வீடியோவ மறுபடி எடுத்துடுங்க. லோர்னா, ஒரே ஒரு நிபந்தனை. இனிமே விடை போடும்போது பக்கத்துல ஒரு வலது கை இருக்கணும்."

"ரெய்னோவை மீன்பிடிக்க விடலேன்னா அவர் உங்ககிட்டதான் வந்து சண்டை போடுவார்," என்றார் லோர்னா.

வெள்ளிக்கிழமை கிணறு நிரம்பியிருந்தது. செய்தி ஏற்கெனவே கசிந்துவிட்டது. லோர்னா மேசைக்கு முன்னால் வந்து நின்று, எழுதத் தெரியாத இடது கையால் கரும்பலகையில் கோணலாக எழுதினார்: 'ஐந்து விடைகள் தப்பு. போட்டவர் ஹெய்க்கினென்.' அடியில் கோடு இழுத்தார். ஒரே கூச்சல்.

"அப்ப நாங்க சரியா?" என்று கிரேடி மேலேயிருந்து கத்தினான்.

"நீங்க சரி."

"எங்களுக்குச் சரின்னு அப்பவே தெரியும்!"

"தெரிஞ்சும் விடைத்தாளப் பாத்து எத்தனை பேர் சந்தேகப்பட்டீங்க? உண்மையச் சொல்லணும்."

பாதிக் கைகள் எழுந்தன. டெலானி எழுந்து நின்றாள். "நான் சந்தேகப்பட்டேன் புரொஃபசர். ஆனா என்மேல இல்ல. உங்கமேல."

அரங்கம் ஆர்ப்பரித்தது. முப்பது வருடங்களில் எத்தனையோ பாராட்டுக் கேடயங்கள் வாங்கியவர் அவர். அதில் பாதி என் பொருளறையில் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கின்றன. எதற்கும் அவர் முகம் அன்று சிவந்ததுபோல் சிவந்ததில்லை.

"போதும் போதும், உக்காரு. சொந்தக்காரங்க மொத்தமா வந்து இறங்கின வீடு மாதிரி ஒரே சத்தமா இருக்கு," என்று சொல்லிவிட்டு, கரும்பலகையை அழித்து ஒரு புதிய படம் வரைந்தார். கம்பிச்சுருள் ஒன்று, அதில் ஓடும் மின்சாரத்துக்கு ஓர் அம்பு. "வடமுனை எந்தப் பக்கம்? நான் விடை சொல்லமாட்டேன். சொன்னாலும் நம்பாதீங்க."

பிறகு கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

பென்சில்கள் விழத் தொடங்கின. முன்வரிசையில் சில, நடுவில் ஒரு கொத்து, பிறகு சுவர்கள் அதிர மொத்தமாக. சத்தம் அடங்கிக் கைகள் மேலே எழுந்த பிறகு, எல்லாவற்றுக்கும் மேலே, கடைசி வரிசையிலிருந்து, ஒற்றைப் பென்சில் ஒன்று தாமதமாக டக்கென்று விழுந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். டெரெக் உட்கார்ந்திருந்தான். அவனுடைய வலது கை அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது.

லோர்னா கண்ணைத் திறக்கவில்லை.

"லேட்டு, டெரெக்," என்றார்.